நிற்கிற கார் குடிக்கிற எண்ணெய்

அரியாலை கேதீஸ்வரி என்ன கார் வாங்குவது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அதுதான் பிழையாகப் போய்விட்டது. ஊர் தானாகவே கூடி டீசல் கட்சி, ஹைபிரிட் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் முக்கால்வாசிப் பேர் வாழ்நாளில் மோட்டார்சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டாதவர்கள். அதனால் சந்தேகமே இல்லாமல் கதைத்தார்கள்.

கேதீஸ்வரி பதினொரு வருடமாக ஒரு பழைய வான் வண்டியை ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓட்டியவர். போன மாசியில் அதன் எஞ்சின் பிளந்தது. வான் இரும்பு விலைக்குப் போனது. இனி ஒரேயொரு வாகனம் வாங்கலாம், அதுவும் பழையதாக. அது உழைப்பதையெல்லாம் தானே குடித்தால் தொழில் அதோடு முடிந்தது. பிறகு ஏதாவது புடைவைக் கடையில் நின்றபடி சேலை விரிக்க வேண்டியதுதான்.

கணவர் அருளம்பலம் களப்பில் இறால் பிடிக்கிறவர். கூடையோடு வருகிற அவரைத்தான் எல்லோரும் மறித்தார்கள். “அருளண்ணை, என்ன கார் எடுக்கப் போறியள்?”

“ஓடுறவ வீட்டிலைதான் நிக்கிறா. அவவைப் போய்க் கேளுங்கோ.”

கேட்க ஒருவரும் போகவில்லை. சொல்லத்தான் போனார்கள்.

கராஜ் வைத்திருக்கும் செபநாயகம் சொன்னார்: “பிள்ளை, ஹைபிரிட்டுக்குப் பற்றரி போனால் காரை வித்துத்தான் பற்றரி போட வேணும். டீசலை எடு. லீற்றருக்குப் பதினெட்டு ஓடும்.”

ரொறன்ரோவிலிருந்து பெரியம்மாவின் மகன் சோமசேகரம் போனில் கத்தினார்: “உந்தப் புகைச் சனியனை எடுக்காதை! ஹைபிரிட் எடு. லீற்றருக்கு இருபத்தைஞ்சு!”

எனக்கு விசர் வருகிற இடம் இது. லீற்றருக்கு எத்தனை ஓடும், எத்தனை ஓடும் என்று கேட்கிறார்களே, யாழ்ப்பாணத்தில் ஹயர் கார் எங்கே ஓடுகிறது? அது நிற்கிறது. வெளிநாட்டுச் சொந்தங்கள் ஒரு வீட்டுக்குப் போக அரை மணித்தியாலம் ஆகும். திரும்பி வெளிக்கிடத்தான் அரை நாள். விறாந்தையில் ஒருமுறை “அப்ப போட்டு வாறம்” என்று விடைபெறுவார்கள். வாசல் படலையில் இரண்டாம்முறை. பிறகு கார்க் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு மூன்றாம்முறை. செத்தவர், கலியாணம் கட்டாதவர், காணி வித்தவர் எல்லோரும் அந்த மூன்றாம் முறையில்தான் கதைக்குள் வருவார்கள். அதுவரை ஏசி ஓட வேண்டும், பனியில் கிடந்த உடம்பு வெயில் தாங்காது. கூலியோ கிலோமீற்றருக்கு. நின்ற நேரத்துக்குக் காசு கேட்டால், “சொந்தத்துக்குள்ளை உதென்ன கதை?”

இதை அறிந்த ஒரே ஆள் கேதீஸ்வரி. வாகனத் தரகர் லோஜனிடம் டீசல் ஒன்றும் ஹைபிரிட் ஒன்றும் நின்றன. இன்றைய விலையில் கார் வாங்க வருகிறவரைச் சாமியாகக் கும்பிட வேண்டிய நிலை அவனுக்கு. நாளுக்கொன்றாக இரண்டையும் ஓடிப் பார்க்கக் கொடுத்தான். திருவிழாவுக்கு வந்திறங்கிய சோமசேகரமும் மனைவி கனகாம்பிகையும் கொடிகாமத்தில் மனைவியின் தங்கைச்சி வீட்டுக்குப் போகவேண்டும் என்றார்கள். கேதீஸ்வரிக்கு வாய்ப்பாய்ப் போயிற்று.

முதல் நாள் டீசல். படலையடியில் அது நின்று கடகடவென்று ஆடியது. புகை நேரே விறாந்தைக்குப் போனது. தங்கைச்சி இருமினார், நாய் குரைத்தது, ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்கவில்லை. அரை மணித்தியாலத்தில் எல்லோரும் காருக்குள். ஆனால் தாங்கியை மறுபடி நிரப்பியபோது போன எண்ணெயைக் கண்டு கேதீஸ்வரியின் முகம் கறுத்தது.

மறுநாள் ஹைபிரிட். அதே வீடு, முதல் நாள் இரைச்சலில் கதைக்க முடியாமல் போனதைக் கதைக்க வேண்டுமாம். கார் மூச்சு விடாமல் நின்றது. உள்ளே மார்கழிக் குளிர்.

அன்று ஒரு மணிக்கு கேதீஸ்வரி ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும். பாசையூர் ஜெசிதாவுக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரித்து வெளியே வந்தால் நிற்கக்கூட இயலாது. அவரை ஏற்றி இறக்குவதுதான் கேதீஸ்வரியின் நிரந்தர ஹயர். வான் போன பிறகும் யாரிடமாவது ஓட்டோ இரவல் வாங்கியாவது அதைத் தவறவிட்டதில்லை.

பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் “போட்டு வாறம்” தொடங்கியது. சோமசேகரத்தின் வலது கால் உள்ளே, மிச்ச உடம்பு ரோட்டில்.

“அண்ணை, நேரமாகுது. ஆஸ்பத்திரியிலை ஒரு ஆள் பாத்துக்கொண்டு நிக்கும்.”

“பொறு பிள்ளை. இப்ப வாறம்.”

கனகாம்பிகை தங்கைச்சியின் சம்பந்திமாரை ஒவ்வொருவராக எடுத்துத் திட்டத் தொடங்கினார். பன்னிரண்டரை. ஜெசிதாவிடமிருந்து அழைப்பு: “அக்கா, என்னை வெளியிலை விட்டிட்டினம். வாறியளோ?”

“அண்ணை, ஏறுங்கோ!”

சோமசேகரம் சிரித்தார். “ஏன் துள்ளுறாய்? எஞ்சின் ஓடேல்லை. சத்தமே இல்லை. உனக்கு என்ன செலவு?”

கேதீஸ்வரி ஓட்டுநர் இருக்கையில் பெல்ட்டை மாட்டினார்.

“காலை எடுங்கோ அண்ணை.”

அந்தக் குரலுக்கு அவர் எடுத்துவிட்டார். கதவு படாரென்று மூடிக்கொண்டது. கார் போனது. ரொறன்ரோக்காரர் இருவரும் வெயிலில் நடந்துபோய் ஏ9 வீதியில் பஸ் ஏறினார்கள், நின்றுகொண்டே வந்தார்கள். எனக்கு இதில் ஒரு துளி இரக்கமும் இல்லை. யாருக்காவது இருந்தால் அவர்கள் ஆஸ்பத்திரி வாசல் திண்ணையில் குடையும் இல்லாமல் சுருண்டிருந்த ஜெசிதாவைப் பார்த்திருக்க வேண்டும்.

அன்று மாலை குடும்ப வாட்ஸ்அப்பில் கேதீஸ்வரியின் திமிர் மூன்று கண்டங்களில் பேசப்பட்டது. அவர் தாங்கியை நிரப்பிக்கொண்டிருந்தார். அரை நாள் நின்றும், முந்திய நாள் டீசல் குடித்த அளவுக்கு ஹைபிரிட் குடிக்கவில்லை.

லோஜன் கதையைக் கேட்டுவிட்டு, “அப்ப டீசல்தானே அக்கா? அந்த இரைச்சலுக்குச் சனம் கெதியாய் வெளிக்கிடும்,” என்றான்.

“ஹைபிரிட்டைத் தா. சத்தம் போட நான் இருக்கிறன்.”

பத்து நாள் கழித்துச் சோமசேகரம் அழைத்தார். விமான நிலையத்துக்குப் போக வேறு வாகனம் அகப்படவில்லை. பழைய கதையை இருவரும் எடுக்கவில்லை.

“எத்தனை மணிக்கு வருவாய் பிள்ளை?”

“ஏழுக்குப் படலையிலை நிப்பன். ஏழேகாலுக்குப் பிறகு நிக்கிற நேரத்துக்கும் காசு.”

“சொந்தத்துக்குமோ?”

“சொந்தத்துக்கு ரெண்டு மடங்கு அண்ணை.”