ஏணி வேலை மாறிய வருஷத்து வரிக்கணக்கு

எங்கள் குடும்பத்தில் கோபமே வராத ஆள் யார் என்று கேட்டால் எல்லாரும் ஏணியைத்தான் காட்டுவார்கள். என் மூத்த அக்காவின் இரண்டாவது மகன். மூத்தது பெண், கட்டிக் கொடுத்துத் தொலைதூரம் போய்விட்டாள். இவன் நெட்டையாக வளர்ந்ததால் ஏணி. அந்த உயரம் எங்கள் பக்கத்து உயரம் இல்லை. அக்கா வீட்டுக்காரரின் சித்தப்பா ஒருத்தர் இருந்தார், கதவு நிலையில் இடித்து இடித்தே நெற்றியில் காய்ப்பு விழுந்த மனிதர். அவருக்குப் பிள்ளை இல்லை. அவர் உயரம் போக இடமில்லாமல் இவனிடம் வந்து சேர்ந்தது.

ஏணிக்கு வேலை லிஃப்டு பழுது பார்ப்பது. அந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. லிஃப்டுக் குழிக்குள் இரண்டு பேர் வேலை செய்வார்கள். ஒருவன் பெட்டியின் தலைமேல் நிற்பான், மற்றவன் கீழே குழியில். நடுவில் இருட்டும் கம்பியும்தான். கீழே இருப்பவன் ‘மேல’ என்றால் மேலே இருப்பவன் அதை ‘மேல’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். கீழே இருப்பவன் ‘சரி’ என்ற பிறகுதான் பொத்தானில் கை வைக்கலாம். ‘சரி’ வராமல் எதுவும் அசையக் கூடாது. அசைத்தால் அடியில் ஒரு உயிர்.

இது வேலையோடு நிற்கவில்லை, வீட்டுக்கும் வந்துவிட்டது. அவன் பெண்டாட்டி தையல் கடையில் பட்டன் துளை போடுகிறவள். “சோப்பு தீந்துருச்சு, வாங்கிட்டு வாங்க” என்பாள். “சோப்பு” என்பான் இவன். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்பான். இவள் ‘சரி’ என்று கத்தினால்தான் நகர்வான்.

“அத்தை, நான் குடித்தனம் நடத்துறது வீட்லயா, லிஃப்டுக் குழியிலயா?” என்று என் அக்காவிடம் கேட்பாள்.

அக்கா மட்டும் சலித்துக்கொள்ள மாட்டாள். “சொல்லிட்டுப் போயேன்டி, ஒரு சரிதானே” என்பாள்.

அந்த அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு அரை அடிப் படி ஏறக்கூட ஆள் பிடிக்க வேண்டும். ஏணி வேலை மாறியதே அதனால்தான். பழைய கம்பெனியில் நேரம் காலம் கிடையாது. எங்கே யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டும். புதிய கம்பெனி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்டுகளை மட்டும் பார்த்துக்கொள்வது. போனோம் வந்தோம் என்று இருக்கலாம், அம்மாவைக் கவனிக்கலாம் என்று வருஷத்தின் நடுவில் மாறிவிட்டான். நல்ல முடிவு என்று நானும்தான் சொன்னேன். இப்படி ஒரு வம்பு அதற்குள் உட்கார்ந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அவர்கள் வாடகைக்கு இருப்பது தரைத்தள வீடு. இரண்டு அறை, பின்னால் துணி காயப்போட ஒரு சந்து. வீட்டுக்காரம்மா அதை விற்கப் போவதாகவும், இவர்கள் எடுத்துக்கொண்டால் இவர்களுக்கே முதல் உரிமை என்றும் சொன்னாள். ஆனால் மாதக் கடைசிவரைதான் பொறுப்பாளாம். அவள் மருமகன் வேறு ஆளைப் பிடித்து வைத்திருந்தான். வங்கியில் கடன் கேட்டால், எல்லாம் சரியாக இருக்கிறது, இந்த வருஷம் வருமான வரி கட்டிக் கணக்குக் கொடுத்த ரசீது மட்டும் வேண்டும் என்றார்கள். வீடு கை நழுவினால் தரைத்தளத்தில் வேறு வீடு கிடைக்காது, தேடிப் பார்த்துவிட்டோம். மாடி வீட்டில் அக்காவை எப்படி வைப்பது? ஒரு ரசீதில் வந்து நின்றது அவள் கால்.

ஏணி ஆடிட்டரிடம் போனான். நானும் கூடப் போனேன். அச்சகத்துக்கு மேலே சின்ன அறை, மேஜை முழுக்கக் கோப்பு, நடுவில் ஆடிட்டரின் வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது.

“ரெண்டு கம்பெனியும் குடுத்த சான்றிதழ் இருக்கா? எவ்வளவு சம்பளம், எவ்வளவு வரி பிடிச்சாங்கன்னு போட்டிருக்குமே, அது.”

புதிய கம்பெனியுடையது இருந்தது. பழையது இல்லை. அங்கேயே உட்கார்ந்து பழைய கம்பெனி அலுவலகத்துக்குப் போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள்.

“உங்க மெயிலுக்கு அனுப்பியாச்சே சார்.”

“எந்த மெயிலும்மா?”

“கம்பெனி மெயில்.”

“நான்தான் வேலைய விட்டுட்டேனே. விட்ட அன்னைக்கே அந்த மெயிலை மூடிட்டீங்களே.”

“ஆமா சார், மூடினப்புறம்தான் அனுப்பியிருக்கோம்.”

“மூடின மெயிலுக்கு அனுப்பினா நான் எப்படிம்மா பாக்கறது?”

“அதுக்குக் கம்பெனி மெயில்லேருந்து ஒரு கோரிக்கை போடுங்க சார்.”

ஏணி போனை மேஜைமேல் மெதுவாக வைத்தான். அவன் காது சிவந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆடிட்டருக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. “விடுங்க. அவங்க சொன்ன கணக்கெல்லாம் வரித்துறை இணையப் பக்கத்துலயே இருக்கும். உள்ள போயிப் பாத்துக்கலாம். உங்க நம்பருக்கு இப்ப ஒரு ஓடிபி வரும், ஆறு இலக்கம், சொல்லுங்க” என்று தட்டினார்.

ஏணி தன் போனைப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. ஆடிட்டர் திரையைப் பார்த்து, ஓடிபி போன போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் படித்தார். ஏணி என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“மாமா, அது கம்பெனி போன் நம்பர்.”

லிஃப்டு வேலைக்காரர்கள் சொந்தப் போனைக் குழிக்குள் கொண்டுபோக மாட்டார்கள். விழுந்தால் சில்லு சில்லாகிவிடும். கம்பெனி கொடுத்த பட்டன் போனைத்தான் கயிறு கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். எந்நேரமும் கூடவே இருப்பது அதுதான் என்பதால் ஏணி எல்லா இடத்திலும் அந்த எண்ணையே கொடுத்து வைத்திருந்தான். வரித்துறை, வங்கி, பல் டாக்டர், எல்லாருக்கும் அதே எண். வேலையை விடும்போது போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். இப்போது அது முணுமுணுவின் இடுப்பில் தொங்குகிறது.

முணுமுணு என்பவன் இவனோடு ஜோடியாக வேலை செய்தவன். எதையும் வாய்க்குள்ளேயே அரைப்பான், குழிக்குள் மட்டும் தொண்டை திறக்கும். ஏணி விலகிய அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. இவன் இடத்துக்குக் கம்பெனி வேறு ஆள் போடவில்லை. இரண்டு ஆள் வேலையை முணுமுணு ஒருத்தனாகச் செய்துகொண்டிருந்தான்.

ஏணி கூப்பிட்டான். எடுக்கவில்லை. ஆடிட்டர் போனிலிருந்து கூப்பிட்டான். அதையும் எடுக்கவில்லை. குழிக்குள் இருப்பவன் எடுக்க மாட்டான் என்பது இவனுக்கே தெரியும். கம்பெனியில் விசாரித்து, முணுமுணு எந்தக் கட்டிடத்தில் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு வண்டியை எடுத்தான். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். “போய்ச் சேந்ததும் கூப்பிடுங்க, அப்ப அனுப்பறேன்” என்றார் ஆடிட்டர்.

அது ஒரு பழைய அடுக்குமாடி. தரைத்தளத்தில் லிஃப்டுக் கதவு திறந்து கிடந்தது, குறுக்கே ஒரு சங்கிலி. மேலே இரண்டாவது மாடிப் பக்கத்தில் டார்ச் வெளிச்சம். ஏணி கழுத்தை நீட்டி உள்ளே பார்த்து, “டேய், நான்தான்டா” என்றான்.

“தெரியுது. உன் பல் டாக்டரு வாராவாரம் செய்தி அனுப்புறாரு. எனக்குப் பல்லு வலிக்குது படிச்சுப் படிச்சு.”

“ஒரு ஓடிபி வேணும்டா.”

“எனக்கு ஒரு ஆளு வேணும்.” டார்ச் வெளிச்சம் ஆடியது. “காலைலேருந்து நானே பெட்டி மேல, நானே குழியில. ஏறி இறங்கி முட்டி தேஞ்சு போச்சு. இறங்கு கீழ. வேலை முடியட்டும், அப்புறம் உன் நம்பரைத் தர்றேன்.”

ஏணி சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினான். “மேல”, “மேல”, “சரி”. “நிறுத்து”, “நிறுத்து”, “சரி”. இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது போலத்தான் இருந்தது. வேலை முடியும் தறுவாயில் என்னை ஆடிட்டருக்குப் போன் போடச் சொன்னான். நான் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, சங்கிலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

“அனுப்பிட்டேன், சொல்லுங்க!” என்றார் ஆடிட்டர்.

மேலேயிருந்து முணுமுணு, “ஏழு” என்றான்.

குழியிலிருந்து ஏணி, “ஏழு.”

“சரி,” என்றான் முணுமுணு. “ரெண்டு.”

“ரெண்டு.”

“சரி.”

“யாரு சார் அங்க எதிரொலி?” என்றார் ஆடிட்டர். “மொத்தமாச் சொல்லுங்க, நேரம் போகுது!”

“பூஜ்யம்.”

“பூஜ்யம்.”

“சரி.”

அதற்குள் அந்த ஓடிபியின் கெடு முடிந்துவிட்டது. ஆடிட்டர் மறுபடி அனுப்பினார். “டேய், திருப்பிச் சொல்லாதடா” என்று முணுமுணு கத்தினான். “நீ சரி சொல்லாதடா” என்று இவன் கத்தினான். சரியென்று ஆரம்பித்தார்கள். முதல் எண்ணைக் கேட்டதும் இவன் வாய் தானாகத் திருப்பிச் சொன்னது, அவன் வாய் தானாக ‘சரி’ என்றது. அவர்கள் என்ன செய்வார்கள், எத்தனை வருஷத்துப் பழக்கம்! இரண்டாவதும் கெட்டது. ஆடிட்டர் அழாக் குறையாக, “இன்னைக்கு இன்னும் ஒரு தடவைதான். தப்பினா பூட்டிக்கும். திறக்க ஒரு வாரம் ஆகும்” என்றார். ஒரு வாரம் என்றால் மாதம் முடிந்துவிடும். வீட்டுக்காரம்மாவின் மருமகன் முகம் என் கண்முன் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து, இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் வந்தாள். ஐந்தாவது மாடிக்காரியாம்.

“காலைலேருந்து லிஃப்டு ஓடல. என்னதான் ரிப்பேரு?”

“லிஃப்டு சரியாயிடுச்சும்மா. இது வரி ரிப்பேரு” என்றேன்.

“என்னது?”

ஏணி குழியிலிருந்து தலையை நீட்டி, அம்மா கால், வீடு, வங்கி, மெயில், பல் டாக்டர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில், “வேலை மாறினது ஒரு குத்தமாம்மா? ஒரே ஒரு வேலை மாறினேன்!”

அந்த அம்மாள் பைகளை என் காலடியில் வைத்தாள். அண்ணாந்து, “யாருப்பா மேல? அந்தப் போனக் கயித்தோட இறக்கு” என்றாள். முணுமுணு இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, சாமான் இறக்கும் நீளக் கயிற்றில் முடிந்து, கம்பிகளில் படாமல் மெல்ல இறக்கினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரையும் பார்த்து விரலை ஆட்டினாள். “ரெண்டு பேரும் வாயத் திறக்கக் கூடாது.” அப்புறம் ஆடிட்டரிடம், “அனுப்புங்க” என்றாள். போன் சிணுங்கியது. ஆறு இலக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தாள். குழிக்குள் ஏணியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“உள்ள போயாச்சு!” என்றார் ஆடிட்டர்.

முணுமுணுவால் அடக்க முடியவில்லை. மேலேயிருந்து, “சரி” என்றான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. மறுநாள் ஆடிட்டர் இரண்டு கணக்கையும் கூட்டிப் பார்த்து, மேலும் வரி கட்ட வேண்டும் என்றார்.

“ரெண்டு கம்பெனியும் மாசாமாசம் பிடிச்சாங்களே சார்!”

“பிடிச்சாங்க. ஆனா வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு ஒரு சலுகைதான், இவ்வளவு வரைக்கும் வரி இல்லன்னு. ரெண்டு பேருமே தனித்தனியா உங்களுக்கு முழுச் சலுகையும் குடுத்துட்டாங்க. அவங்களுக்கு இவங்களத் தெரியாது.”

ஏணி இரண்டு கையையும் தராசு போல ஏற்றி இறக்கிப் பார்த்தான். “பெட்டியச் சமமா இழுக்க மறுபக்கம் ஒரு எதிர் எடைதான் தொங்கணும், ரெண்டு மாட்டின மாதிரியா? பெட்டி மேல போய் முட்டுமே.”

“அதேதான். முட்டிட்டீங்க. இப்ப இறங்கணும்.”

“மாட்டினது அவங்க, இறங்கறது நானா?”

“ஆமா சார்” என்றார் ஆடிட்டர். வீட்டுக்கு வெள்ளை அடிக்கவென்று ஒதுக்கி வைத்திருந்ததெல்லாம் அதற்கே போனது. அவன் பெண்டாட்டி, “சுவத்துக்கு அடிக்க வேண்டியத சர்க்காருக்கு அடிச்சாச்சு” என்றாள். ரசீது வந்தது. ஆடிட்டர் அங்கேயே வரித்துறையில் எண்ணையும் மாற்றிக் கொடுத்தார். ரசீதை வங்கியில் கொடுத்துவிட்டு வந்து காத்திருந்தோம். ஒரு தகவலும் இல்லை. மாதக் கடைசி நெருங்க நெருங்க ஏணி சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்து போவான். வங்கிக்குப் போனால், செய்தி வரும், போய் வாருங்கள் என்றார்கள்.

கெடுவுக்கு முதல்நாள் மத்தியானம். ஏணி வேலைக்குப் போயிருந்தான், மருமகள் தையல் கடையில். நான் அக்காவுக்குக் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் போன் அடித்தது. முணுமுணு. வழக்கம்போல வாய்க்குள்ளேயே அரைத்தான். எனக்கும் கேட்கட்டும் என்று அக்கா சத்தத்தைக் கூட்டினாள்.

“அம்மா, அவன் போன எடுக்கல, குழியில இருப்பான். வங்கியில இன்னும் இந்த நம்பர மாத்தலியா அவன்? மடையன். செய்தி காலைலேயே இங்க வந்து கிடக்கு. நானே குழியிலேருந்து இப்பத்தான் ஏறினேன். கடன் குடுத்துட்டாங்களாம். நாளைக்கு வந்து கையெழுத்துப் போடணுமாம்.”

அக்கா என் கையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“திருப்பிச் சொல்லுப்பா” என்றாள்.

அவன் இந்தத் தடவை தொண்டையைத் திறந்தான். “கடன் குடுத்துட்டாங்க. வீடு உங்களுக்குத்தான்.”

“சரி” என்றாள் அக்கா.