பஸ் எப்போது வரும்?

நெடுங்கேணிச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதுதான் அவரைக் கண்டேன். விடைத்தாள் திருத்துகிற உத்தியோகத்தர். மெலிந்த ஆள். கையிலிருந்த சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக நின்றார்.

"அம்மா, வவுனியா பஸ் எத்தினை மணிக்கு வரும்?"

எனக்குப் புது ஆட்களோடு கதைக்கக் கூச்சம். "வந்தாத்தான் தெரியும் தம்பி" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். அவர் திருத்துகிறது பல நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரே சோதனையாம். அட்டவணையைப் பார்த்து, பஸ் வரும் நேரத்தை எழுத வேண்டுமாம். இங்கே ஒரு பிள்ளை நான் சொன்னதையே எழுதியிருக்கிறதாம்.

"அப்ப சரிதானே?"

"பூச்சியம்தான் போடவேணும். கைதான் வருகுதில்லை. எல்லா நாட்டுப் புள்ளியையும் ஒப்பிட்டுப் பாத்துத்தான் எங்கட பாடப்புத்தகத்தை மாத்தப்போகினம்."

"புத்தகத்தை மாத்தினா பஸ் நேரத்துக்கு வருமோ?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அவர் இந்த முறை சிரிக்கவில்லை. "அதை எழுத அந்தத் தாளில இடமில்லை அம்மா" என்றார்.

பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறினோம். சனத்தோடு சனமாக அவர் முன்னுக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளைக்கு அரைப் புள்ளியாவது போடுங்கோ என்று கேட்க வாய் உன்னியது. அத்தனை பேருக்கு முன்னால் கேட்க வெட்கப்பட்டு, என் இடம் வந்ததும் இறங்கிவிட்டேன்.