கெட்ட படங்கள் உள்ள புத்தகம்

தாம்பரத்தில் நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டருக்கு எம்.ஆர்.ஐ. மிஷின் வருவதாக முடிவானது தொண்ணூறுகளின் நடுவில். முதலாளி டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஒருவர் எக்ஸ்ரேயிலேயே பதினைந்து வருடம் ஓட்டிய சீனியர் டெக்னீஷியன். இன்னொருத்தி நான், பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவள்.

"இன்ஜினியர் அஞ்சு நாள்தான் சொல்லிக் கொடுப்பார். மிச்சம் நீங்களே படிச்சுக்கணும். டவுனுக்குப் போய் ரெண்டு புக் எடுத்துட்டு வாங்க" என்றார்.

மருத்துவப் புத்தகக் கடையில் சீனியர் நேராகப் பெரிய அட்லஸ் ஒன்றைத் தூக்கினார். பளபளவென்று மூளை, முதுகெலும்பு, முழங்கால். ஒவ்வொரு படமும் அப்பழுக்கில்லாமல் இருந்தது. நான் அட்டை மங்கிய ஒரு சின்னப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஓர் அத்தியாயம் முழுக்கக் கெட்டுப்போன படங்கள். மிஷினில் எந்த எண்ணை மாற்றினால் படம் எப்படிக் கெடும், எப்படிச் சரியாகும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது.

"அண்ணா, நமக்கு இதுதான் வேணும். அட்லஸ் டாக்டருக்கு. படம் எடுக்கிறது நாமதானே?"

"வெறும் எழுத்தா கீது. நீ இன்னா பரீட்சையா எழுதப் போற?" என்றார், கடைக்காரர் காதில் விழும்படி. "பட்டன் அமுக்கறதுக்கு எதுக்கும்மா இத்தினி கணக்கு?"

அட்லஸின் முதல் பாகம், இரண்டாம் பாகம் இரண்டையும் அவரே வாங்கினார். டாக்டர் சொன்ன இரண்டு புத்தகம் அதோடு சரியாகிவிட்டது. மறுநாளிலிருந்து நான் அவரை 'சார்' என்று கூப்பிட்டேன். அடுத்த ஞாயிறு தனியாகப் போய் அந்தச் சின்னப் புத்தகத்தை வாங்கி வந்தேன். பீர்க்கன்கரணை வீட்டில் இரண்டு மாதம் அதோடுதான் கிடந்தேன். கண்ட்ரோல் அறைக்கு அதைக் கொண்டுபோன நாட்களில் இடைவேளை முடிந்து வந்தால் காணாமல் போயிருக்கும். ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கும்போது மாட்டிக்கொள்ளும் ஈய ஏப்ரன்களுக்கு அடியில் கிடந்தது. யார் வேலை என்று கேட்கவே தேவையிருக்கவில்லை.

மிஷின் வந்து மூன்றாவது வாரம், கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு டீச்சர் தலைவலி என்று வந்தார். ஸ்கேன் எடுத்தவர் சீனியர். பக்கவாட்டுப் படத்தில் பின்மண்டையில் ஒரு புடைப்பு. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அவர் வெளியே போய் டீச்சரின் கணவரிடம், "பின்னால கட்டி மாதிரி ஒண்ணு கீது சார்" என்று சொல்லிவிட்டார். டீச்சர் காதிலும் விழுந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் திரையைப் பார்த்தேன்.

"அது கட்டி இல்ல சார். அவங்க மூக்கு."

"மூக்கு எப்படிம்மா பின்னாடி வரும்? பேஜார் பண்ணாத."

"முன்னாடி மூக்கு எங்க இருக்கு, காட்டுங்க."

முகத்தில் மூக்கு பாதியோடு வெட்டுப்பட்டு நின்றது. படம் பிடிக்கும் பரப்பைத் தலையைவிடச் சின்னதாக வைத்திருந்தார். அப்படி வைத்தால் வெளியே மிஞ்சுவது மடிந்து எதிர்ப்பக்கம் வந்து விழும். என் புத்தகத்தில் இதே படம் இருந்தது.

டாக்டர் வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பரப்பைப் பெரிதாக்கி மறுபடி எடுத்தோம். புடைப்பு இல்லை. மூளையில் கோளாறு எதுவும் இல்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே அழுதார்.

"கட்டின்னு உங்ககிட்ட சொன்னது யாரு?" என்று கணவர் சீனியரிடம் கத்தினார். சீனியர் என்னைப் பார்த்தார், நான்தான் சொன்னேன் என்பதைப் போல.

"யாரும் சொல்லல, இவராத்தான் சொன்னார்" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

டாக்டர் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம்தான், "தெரிஞ்சவ முதல்லயே கூட நின்னிருக்க வேண்டியதுதானே?" என்றார்.

அதற்கப்புறம் சீனியரும் நானும் அதே அறையில் மூன்று வருடம் வேலை பார்த்தோம். சொல்ல வேண்டியதை ரிசப்ஷன் பெண் மூலமாகச் சொல்லிக்கொண்டோம். பிறகு அவர் வேறு சென்டருக்குப் போனார். அங்கே, எனக்கு எம்.ஆர்.ஐ. சொல்லிக் கொடுத்ததே தான்தான் என்று பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நேரில் பார்த்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். பார்க்கக் கிடைக்கவில்லை.