மூன்றாம் கியரில் ஒரு லொறி

இரண்டாம் உலக யுத்தம் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த நாட்களில் நான் வெள்ளைக்காரப் படையின் லொறிப் பட்டறை ஒன்றில் எஞ்சின் திருத்துபவனாக இருந்தேன். கலியாணம் முடித்த புதிது. சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் வந்துபோவேன். என்னோடு வேலை செய்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன்; அவர் என்னைத் தம்பி என்பார். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மத்தியானத்தில் ஏதாவதொரு லொறியின் நிழலில் இருந்து, அந்தக் கலியாணத்துக்கு என்ன சமைப்பது என்று எனக்குச் சொல்லிச் சொல்லியே சோறு சாப்பிடுவார்.

எஞ்சின் வேலை முடிந்ததும் லொறியைச் சோதனை மேடையில் ஏற்றுவோம். நிலத்தில் குழி வெட்டி, ஆளுயரமுள்ள ஓர் இரும்பு உருளையை அதற்குள் பொருத்தியிருந்தார்கள். லொறியின் பின்சில்லுகள் அதன்மேல் நிற்கும். முன்பக்கத்தைச் சங்கிலியால் கட்டிவிட்டு எஞ்சினை முடுக்கினால், லொறி நின்ற இடத்திலேயே ஓடும். உருளையைத் தண்ணீர்ப் பிரேக் ஒன்று இறுக்கிப் பிடிக்கும். சில்லு எவ்வளவு பலத்தோடு தள்ளுகிறது என்பதை முள் காட்டும். அதை வைத்துக் குதிரைவலுவைக் கணக்கிடுவார்கள்.

ஒருமுறை நானா ஒரு பெரிய லொறியின் எஞ்சினை முழுதாகக் கழற்றிப் பூட்டினார். பிஸ்டன் வளையங்கள் எல்லாம் புதியவை. அப்போது அவை தங்கத்துக்குச் சமம். கப்பலில் வந்தால்தான் உண்டு. வெளியில் பஸ் வைத்திருந்தவர்கள் என்ன விலை கேட்டாலும் கொடுக்க ஆயத்தமாக இருந்தார்கள். அந்த லொறியை நாலாம் கியரில் ஓட்டிச் சோதித்தோம். முள் நன்றாக ஏறியது. நானா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

லொறி சீனன்குடாவில் இருந்த இன்னொரு பட்டறைக்குப் போனது. அங்கே புதிதாக ஒரு சோதனை மேடை வைத்திருந்தார்கள். எங்களிடமிருந்து அங்கே போன முதல் லொறி அதுதான். அங்கே வலு ஐந்தில் ஒரு பங்கு குறைவாகக் காட்டியது.

மறுநாள் அந்தப் பட்டறையின் துரை எங்களிடம் வந்தார். நானாவை நிறுத்திவைத்து, புது வளையங்களை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டாயா என்று கேட்டார். எங்கள் மேஸ்திரி அதைத் தமிழில் சொன்னார்.

“நான் போட்டது போட்டபடிதான் இருக்கு. எஞ்சினைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க” என்றார் நானா.

நான் குறுக்கிட்டேன். “அங்க எந்தக் கியரில சோதிச்சவையள் எண்டு கேளுங்கோ.”

மூன்றாம் கியரில் என்று பதில் வந்தது. அவர்களுடைய மேடையில் இரண்டு சின்ன உருளைகள். நாலாம் கியரில் ஓட்டினால் அவை சுழலும் வேகத்துக்கு அச்சைத் தாங்கும் பெயரிங் சூடாகிப் புகைக்குமாம். அதனால் எல்லா வாகனத்தையும் மூன்றிலேதான் சோதிக்கிறார்களாம்.

“நாங்கள் நாலில சோதிச்சனாங்கள். அதே கியரில இங்க ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ” என்றேன்.

எந்தக் கியரிலும் எஞ்சின் ஒன்றுதானே, வலு எங்கே போகும் என்று துரை கேட்டார். எனக்கும் அப்போது மறுமொழி தெரியவில்லை. லொறியை அதற்குள் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கழற்றிப் பார்க்க நேரமில்லை என்றார்கள். அன்று பின்னேரமே கிண்ணியாவில் நானாவின் வீட்டைச் சோதனை போட்டார்கள். நெல் மூட்டையைக்கூட அவிழ்த்துக் கொட்டினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் வேலை போய்விட்டது. அந்த வாரத்திலேயே மாப்பிள்ளை வீட்டார் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள்.

நானா சீனன்குடா விமானத் திடலில் மண் வெட்டும் கூலி வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பக்கம் போன ஒரு நாள் நான் அவரைத் தேடிப் போனேன். கைகள் கொப்புளித்திருந்தன.

“வேலை போனது போகட்டும் தம்பி. பள்ளியில தொழுதிட்டு வெளிய வந்தா, கதைச்சிட்டு நிண்ட ஆக்கள் கதைய நிப்பாட்டுறாங்க. அதுதான் தாங்க ஏலாம இருக்கு” என்றார்.

அதன்பின் நான் அவரை உயிரோடு காணவில்லை. ஜப்பான் விமானங்கள் வந்த காலையில் முதலில் அடிபட்ட இடங்களில் அந்தத் திடலும் ஒன்று. புகை அடங்கியபின் நடந்தே போனேன். வடிகானுக்குள் கிடந்தவர்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். உடுத்திருந்த சாரத்தைக் கொண்டுதான் அவரை அடையாளம் கண்டேன். தோணியில் கிண்ணியாவுக்குக் கொண்டுபோய் அன்றே அடக்கம் செய்தார்கள். பட்டினம் முழுவதும் மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டிருந்தது. தூக்கிப்போக நான்கு பேர் சேர்வதே பெரும்பாடாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து அதே லொறி வேறு பழுதுக்காக எங்களிடம் வந்தது. அப்போது எங்களுக்குப் புதிய துரை ஒருவர். நான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றிவிட்டுத் தானே லொறியில் ஏறினார். முதலில் நாலாம் கியரில் ஓட்டினார். முள் முன்போலவே ஏறியது. மூன்றில் ஓட்டினார், கொஞ்சம் குறைந்தது. நாலில் எஞ்சினின் சுழற்சி நேரே பின்னுக்குப் போகிறது, மூன்றிலோ இடையில் பல்சக்கரங்கள் கடிபட்டுக் கொஞ்ச வலுவைத் தின்றுவிடுகின்றன என்று விளக்கினார். சின்ன உருளைகள் சில்லின் ரயரை இன்னும் அதிகமாக நசுக்கும். சில்லு வழுக்கவும் செய்யும். சீனன்குடாவில் காட்டிய குறைவில் மிச்சம் அப்படிப் போயிருக்கும் என்றார். எஞ்சினையும் திறந்து பார்த்தோம். நானா போட்ட வளையங்கள் அப்படியே இருந்தன. துரை கைகளைத் துடைத்துவிட்டுக் கோட்டை எடுத்துப் போட்டார். பிறகு, நானாவின் வீடு எங்கே என்று கேட்டார்.

இருவரும் வெள்ளிக்கிழமை கிண்ணியாவுக்குப் போனோம். நானாவின் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். துரை தொப்பியைக் கையில் பிடித்தபடி ஆங்கிலத்தில் சொன்னதை, எனக்கு விளங்கிய அளவில் நான் தமிழில் சொன்னேன்.

“அவர் எடுக்கல்ல எண்டு எனக்குத் தெரியும் தம்பி. இதை எனக்குச் சொல்லித் தேவையில்ல. பள்ளிக்கு முன்னால போய்ச் சொல்லுங்க” என்றார்.

ஜும்மாத் தொழுகை முடிந்து வந்தவர்கள் முன்னால் நின்று சொன்னேன். கியர் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். அதையும் சொன்னேன். ஒருவரும் இடையில் விலகிப் போகவில்லை. மூத்தவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தகப்பனும் அங்கே நின்றிருக்கிறார். அவர் யாரென்று பிறகுதான் எனக்குக் காட்டினார்கள். அவருடைய மகனுக்கு அந்த மாதம்தான் மூதூரில் கலியாணம் முடிந்திருந்தது. அவர் வந்து என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். துறையில் தோணிக்காரன் கூப்பிட்டான். நாங்கள் நடக்கத் தொடங்கினோம்.