திருமுக்கூடலில் கடைசி ஆளுக்கு முதல் சீட்டு

1980 மே மாதம் அமெரிக்காவிலிருந்து மூன்று வார விடுப்பில் வந்திருந்தேன். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எங்கள் ஊரில் தேர்தல் நடந்தது" என்று அங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். ஆனால் உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சரி, போய்விடலாம் என்று கிளம்பினால் அன்றைக்குத்தான் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. என் ராசி அப்படி.

செங்கல்பட்டில் பகல் இரண்டு மணி வரை நின்றும் உத்திரமேரூர் பஸ் வரவில்லை. விசாரித்தால், நேரக்காப்பாளர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பஸ்ஸெல்லாம் எலெக்‌ஷன் டூட்டிக்குப் பூட்ச்சி சார். காஞ்சிபுரம் வண்டி ஒண்ணு கீது. பழையசீவரத்துல எறங்கி ஆத்தத் தாண்டு. அக்கரையில எதுனா கெடைக்கும்."

டிக்கெட் ஒன்றேகால் ரூபாய், தூரம் இருபது கிலோமீட்டர், உட்கார இடமில்லை. பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் சரியில்லை என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றோம். என் பக்கத்தில் நின்ற கன்னியம்மா என்ற பெண்தான் டிரைவரிடம் சண்டைக்குப் போனார். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர்; அவருக்கு ஓட்டு திருமுக்கூடலில்.

"அஞ்சு மணிக்கு கதவ சாத்திடுவாங்க நைனா! போன தபாவும் இப்டித்தான் பூட்ச்சி."

"நானா ஆணியக் குத்தினேன்? பேஜார் பண்ணாத, குந்து."

குந்தவில்லை. என் பக்கம் திரும்பிப் பொரிந்து தள்ளினார். "சூளையில கெடக்கறவங்க ஊர்லயே இல்லன்னு ஓட்டு லிஸ்ட்லேர்ந்து பேர அடிக்கப் பாக்கறாங்க சார். வெரல்ல மையோட போயி நின்னாத்தான் நானும் இந்த ஊருன்னு ஒத்துக்குவாங்க."

பழையசீவரத்தில் இறங்கும்போது நாலே கால். பாலாறு முழுக்க மணல்தான், ஒரு கிலோமீட்டர் இருக்கும். செருப்பை மீறிச் சுட்டது. எனக்கு நாக்கு வறண்டது. கன்னியம்மா பேசிக்கொண்டே நடந்தார்.

"அமெரிக்காவுல ஓட்டுக்கு பஸ் வுடுவாங்களா சார்?"

அங்கே செவ்வாய்க்கிழமையில்தான் தேர்தல், பொது விடுமுறை கிடையாது, பேரையும் நாமே போய்ப் பதிய வேண்டும், எத்தனையோ பேர் வருவதே இல்லை என்றேன்.

"லீவு வுடலன்னா சூளையில கீறவ எப்டி போடுவா?"

எட்டு வருஷம் அங்கே இருந்தும் இதை நான் யோசித்ததில்லை.

பள்ளிக்கூடத்து வாசலில் வரிசை நீண்டிருந்தது. அதன் வாலில் கன்னியம்மா போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மணி ஐந்தாகி, போலீஸ்காரர் கேட்டைச் சாத்தினார். உள்ளே நிற்பவர்கள் மட்டும் போடலாம். அதிகாரி ஒருவர் எண் போட்ட சீட்டுகளோடு வெளியே வந்து, கடைசி ஆளிடமிருந்து கொடுக்கத் தொடங்கினார். அப்போதுதான் பின்னால் புதிதாக யாரும் ஒட்டிக்கொள்ள முடியாதாம்.

"மொத சீட்டு எனுக்கா!" என்று கன்னியம்மா சிரித்தார். அந்த முதல் சீட்டை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நின்று, ஆறேகாலுக்குத்தான் ஓட்டுப் போட முடிந்தது. நான் கேட்டுக்கு வெளியே செருப்பு மணலைத் தட்டிக்கொண்டு கிடந்தேன்.

விரலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இப்ப சொல்லட்டும் நா இந்த ஊரு இல்லன்னு!" பிறகு என் கையைப் பார்த்தார். "நீ எங்க சார் போடுவ?"

"அங்க நான் குடிமகன் இல்லம்மா. இங்க பட்டியல்ல பேரு இல்ல."

"அப்ப நீ எந்த ஊரு சார்?"

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் உத்திரமேரூர் போய்க் கல்வெட்டைப் பார்த்தேன். குடவோலையில் பெயர் எழுதச் சொந்த நிலமும் வீடும் இருக்க வேண்டுமாம். கன்னியம்மாவின் பெயர் அந்தப் பானைக்குள் விழுந்திருக்காது. அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிப் பீற்றிக்கொள்வதில்லை.

நீங்கள் போவதாக இருந்தால்: இப்போது ஆற்றில் பாலம் இருக்கிறது, மணலில் கால் சுட வேண்டாம். கோடையைத் தவிருங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வாக்குப்பதிவு நாளில் மட்டும் பஸ்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள். அன்றைக்கு உங்கள் ஓட்டு எங்கேயோ அங்கே இருங்கள்.

பின்னாளில் அமெரிக்கக் குடிமகன் ஆனேன். தேர்தல் செவ்வாய்களில் வேலை முடிந்து, கால் கடுக்க வரிசையில் நின்று, ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறேன். அங்கே மை வைப்பதில்லை. ஆனாலும் வெளியே வந்ததும் விரலைத் தூக்கிப் பார்த்துக்கொள்வேன். அதில் ஒன்றும் இருக்காது.