உள்ளே பார்க்காத கேத்தில்

ஸ்காபரோவில் பலருக்கு அவரைக் 'கேத்தில் எட்வேட்' என்றுதான் தெரியும். பேசாலை என்ற ஊரில் பிறந்து, இருபத்தைந்து வயதில் கனடாவுக்கு வந்து, மார்க்கம் நகரத்து ஏலக்கூடம் ஒன்றில் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே விற்பனைக்கு வரும் சீனத்து மண் தேநீர்க் கேத்தில்களைக் காகிதத்தில் சுற்றிச் சுற்றியே அவற்றின் குணம் அவருக்குப் பிடிபட்டது. உடைந்து வந்தவற்றை எறியாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், துண்டு துண்டாக வைத்துப் பார்ப்பார். பத்து வருடத்துக்குப் பிறகு முதலாளியே, "எட்வேட், இது சரியானதா?" என்று கேட்டுக்கொண்டு அவருடைய மேசைக்கு வரத் தொடங்கினார். இப்போது அவருக்கு அறுபத்தொன்று.

யிஷிங் என்ற ஊரின் மண்ணில் செய்யப்படும் இந்தக் கேத்தில்கள் உள்ளங்கையில் அடங்கும். மேலே பளபளப்புப் பூச்சு இருக்காது. பழையதைத் தேடுகிறவர்கள் அதிகம் என்பதால் போலிகளும் அதிகம். புதிதாகச் செய்து, தேயிலைச் சாயத்தில் ஊறவிட்டு, சப்பாத்துப் பொலிஷ் தேய்த்து, நூறு வருடம் பழையது என்று சொல்லி விற்றுவிடுவார்கள். அடியில் உள்ள முத்திரையை எவரும் வெட்டிப் பதிக்கலாம். அதனால் எட்வேட் முத்திரையைக் கடைசியாகத்தான் பார்ப்பார். முதலில் மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடிப்பார். அச்சில் அழுத்திய மலிவுச் சாமானில் எதிரெதிரே இரண்டு பொருத்துக்கோடுகள் இருக்கும். தட்டிய மண் தகட்டைக் கையால் வளைத்து ஒட்டியது என்றால், கைபிடிப் பக்கம் ஒரே ஒரு கோடுதான். இதை ஏலக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பவர் அவர்.

இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, டோர்செட் பார்க்குக்குக் கிட்டவுள்ள நூலகத்தில் பழைய பொருள்களைப் பார்த்துச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று வைத்தார்கள். அதை ஒழுங்கு செய்தவள் அங்கே வேலை செய்யும் செரீனா. சீன ஆட்களும் தமிழ் ஆட்களுமாக அறுபது பேர் வரை வந்திருந்தார்கள். முன்வரிசையில் எட்வேட்டின் கத்தோலிக்கக் கோயில் ஆட்கள். காலையிலிருந்து மேசைக்கு வந்த கேத்தில் எல்லாம் போலி. மூன்றாவதோ நான்காவதோ வந்தபோது எட்வேட் ஒரு பகிடி விட, சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதன்பின் ஒவ்வொரு கேத்திலுக்கும் ஒரு பகிடி தயாராக இருந்தது.

ஒரு மணியளவில் குணவதி வந்தார். அங்கே பக்கத்துத் தொடர்மாடியில் இருப்பவர். முதியவர்களை வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பது அவருடைய வேலை. குளியல் துவாயில் சுற்றியிருந்த கேத்திலைப் பிரித்து மேசையில் வைத்தார்.

"அண்ணை, இது நான் வீட்டை போய்ப் பாத்த சைனீஸ் ஐயா, லாம் ஐயா, தந்தது. தை மாசம் காலமாயிட்டார். தன்ரை அப்பாவின்ரை எண்டு சொல்லித் தந்தவர்."

எட்வேட் அதை மூக்கருகே கொண்டுபோனார். மெழுகு மணந்தது.

"தங்கச்சி, உதுக்குப் பொலிஷ் போட்டிருக்கு." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இப்பிடித்தான் பழசாக்கிறது."

"இல்லை அண்ணை, அது நான்…"

"பொறுங்கோ, பொறுங்கோ." மூடியைத் திறந்தார். டோர்ச் மேசையில்தான் கிடந்தது. அதை அவர் எடுக்கவில்லை. யன்னல் வெளிச்சத்தில் உள்ளே ஒரு கோடு தெரிந்தது. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. "அச்சுக் கோடு. தொண்ணூறுகளில செய்த சாமான். முந்திச் சைனா ரவுண் கடை வாசலிலை கூடையிலை கொட்டி வைச்சு வித்தவங்கள். உங்கடை ஐயாவின்ரை அப்பா அந்தக் கடையிலயோ வேலை செய்தவர்?"

சனம் சிரித்தது. முன்வரிசைதான் பலமாகச் சிரித்தது.

குணவதி சிரிக்கவில்லை. "நாலு வருசம் அவரைக் குளிப்பாட்டினனான்" என்றார், யாருக்கு என்றில்லாமல். கேத்திலைத் திரும்பத் துவாயில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். எட்வேட் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூன்று வாரம் கழித்துச் செரீனா, நூலகத்து விளம்பரப் பலகைக்கு எதைப் போடலாம் என்று கேட்டு, அன்று எடுத்த படங்களை அனுப்பியிருந்தாள். அவற்றில் ஒன்று குணவதியின் கேத்தில். மூடி திறந்திருக்க, மேலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்த படம். எட்வேட் அதைப் பெரிதாக்கினார். ஒரு கோடு. கைபிடிப் பக்கம் மட்டும். எதிர்ப்பக்கம் துப்புரவாக இருந்தது. கேத்தில் மூக்கின் அடியில் ஒற்றைத் துளை, மூங்கில் சீவல் போன்ற ஏதோ ஒன்றால் சுற்றி வழித்த தடம். மூடி உட்காரும் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. ஒரே கை பல வருடம் எடுத்து வைத்த தேய்வு. அது எண்பது, தொண்ணூறு வருடப் பழைய கைவேலை.

தெரியாமல் விட்ட பிழை என்றால் ஆறியிருப்பார். அவருக்குத் தெரிந்த விஷயம் இது. டோர்ச்சை எடுக்க இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியை அவர் பகிடிக்குக் கொடுத்திருந்தார். "அது நான்…" என்று அந்தப் பெண் சொல்லத் தொடங்கியதும் இப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது.

உடனே போயிருக்கலாம். போகவில்லை. செரீனாவுக்கு வேறொரு படத்தைப் போடச் சொல்லி எழுதினார். குணவதியின் இலக்கத்தை அவளிடம் கேட்டால் ஏன் என்று கேட்பாள் என்று பயந்தார். தவக்காலம் என்பதால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், வாய்த்துடுக்காகப் பேசினேன் என்று மட்டும் பங்குச் சுவாமியிடம் சொன்னார். என்ன பேசினார், யாரிடம் என்று சொல்லவில்லை. இப்படியே ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது மனைவி அன்ரனெற் கேட்டார்: "இஞ்சேருங்கோ, என்ன நடந்தது? ஒரு கிழமையா ஒழுங்காச் சாப்பிடேல்லை."

சொன்னார். அன்ரனெற் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அண்டைக்குச் செய்தது பிழை. இந்த ஒன்பது நாளும் செய்தது அதிலும் பெரிய பிழை."

அடுத்த நாள் பின்னேரம் தொடர்மாடி வாசலில் விசாரித்துக்கொண்டு போய், பதினான்காம் மாடியில் குணவதியின் கதவைத் தட்டினார். குணவதி அவரை அடையாளம் கண்டு, உள்ளே வரச்சொல்லித் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார். எட்வேட் பின்னால் போய் நின்றார். கழுவுதொட்டியின் ஓரத்தில் அந்தக் கேத்தில் இருந்தது. உள்ளே பாத்திரம் கழுவும் பச்சைச் சவர்க்காரத் தண்ணீர்.

"ஊத்த வசதியா இருக்கு அண்ணை," என்றார் குணவதி, அவர் பார்ப்பதைக் கண்டு.

அந்த மண் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு தேயிலைக்குப் பழக்கிய கேத்திலில் இன்னொரு தேயிலையைக்கூடப் போடமாட்டார்கள். எட்வேட் கேத்திலை எடுத்து அந்தத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றினார்.

"தங்கச்சி, அண்டைக்கு நான் சொன்னது பிழை. உது உண்மையானது. பெரிய கைவேலைகாரன் எவனும் செய்ததெண்டு சொல்லமாட்டன். ஆனா கையால செய்தது, பழசு. லாம் ஐயாவின்ரை அப்பாவின்ரைதான் எண்டு நம்பலாம்."

குணவதி குழாயை மூடினார்.

"பொலிஷ் எண்டு சொன்னீங்கள்?"

"அதை நீங்கள் சொல்ல விடேல்லை நான்."

"கனபேர் வருவினம், ஊத்தையாக் கொண்டுபோகக்கூடாது எண்டு முதல்நாள் நான்தான் மேசைக்குப் பூசுற மெழுகாலை துடைச்சனான்." குணவதி அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப, நீங்கள் பாக்கவே இல்லையே அண்ணை."

"இல்லை."

"அந்தாளின்ரை மகள் லூசி கோல் எடுத்தவ. போன கிழமை அவையின்ரை ஆக்கள் வருசா வருசம் கல்லறைக்குப் போற நாள், வாங்கோ எண்டு. நான் போகேல்லை. கடைச் சாமானைத் தந்து கதை விட்ட மனுசனுக்கு என்னத்துக்குப் பூ எண்டு நினைச்சிட்டன்."

போன கிழமை. படத்தைப் பார்த்துவிட்டு எட்வேட் வாய்திறக்காமல் இருந்த அந்த ஒன்பது நாளுக்குள். அவர் கணக்குப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"அடுத்தமுறை நூலகத்திலை, அந்தச் சனத்துக்கு முன்னாலயே நான் சொல்லுறன்," என்றார்.

"சனத்துக்கு வேண்டாம். திரும்பவும் என்னைப் பற்றி என்னத்துக்குக் கதை? லூசிக்குச் சொல்லுங்கோ."

போனை ஸ்பீக்கரில் போட்டு அங்கேயே லூசிக்குக் கோல் எடுத்தார்கள். எட்வேட் தன் பெயரையும் வேலையையும் சொல்லி, செய்ததை ஆங்கிலத்தில் மறைக்காமல் சொன்னார். ஸ்ரௌவ்வில் என்ற ஊரில், ஏதோ ஒரு வீட்டுக் குசினியில் நின்று லூசி முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அப்பாவிடம் ஆறு கேத்தில் இருந்தன. ஐந்தை எங்களுக்குப் பிரித்துத் தந்தார். தன் அப்பாவுடையதைக் குணாவுக்குக் கொடுத்தார். எனக்கு அதில் கோபம்கூட இருந்தது. குணா வராதபோது, என் கோபம் அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன்."

குணவதி கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். எட்வேட் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கிழமையே லூசி காரில் வந்து குணவதியைக் கல்லறைக்குக் கூட்டிப்போனாள். தான் ஏற்றிப் போவதாக எட்வேட் கேட்டிருந்தார். "வேண்டாம் அண்ணை" என்றுவிட்டார் குணவதி. கோபமாகச் சொல்லவில்லை. கேத்திலை மட்டும் அவரிடம் கொடுத்தார். எட்வேட் அதை மூன்று நாள் வெந்நீரில் மாற்றி மாற்றி ஊறவைத்தார். சவர்க்கார மணம் முக்கால்வாசி போயிற்று. மிச்சம் போகவில்லை. மண்ணுக்குள் இறங்கிவிட்டது என்று அதைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார். பரவாயில்லை என்றார் குணவதி.

நூலகத்து நிகழ்ச்சி அடுத்த வருடமும் நடந்தது. எட்வேட் ஒவ்வொன்றாக டோர்ச் அடித்துப் பார்த்தார், கொண்டுவந்தவர் சொல்வதை முழுக்கக் கேட்டார். வரிசை நீண்டதால் சிலர் முணுமுணுத்தார்கள். முன்வரிசையில் ஒருவர், "என்ன எட்வேட், இந்தமுறை பகிடி ஒண்டையும் காணேல்லை?" என்று கேட்டார். எட்வேட் அடுத்த கேத்திலின் மூடியைத் திறந்தார். குணவதி வேண்டாம் என்றதால், அந்தக் கதையை அவர் எவருக்கும் சொல்ல முடியாமலும் போயிற்று.

இப்போதும் பிளாசாவின் தமிழ்க்கடையில் இடைக்கிடை குணவதியைச் சந்திப்பதுண்டு. "சுகமா இருக்கிறீங்களோ அண்ணை?" என்று அவர்தான் முதலில் கேட்பார், முகத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல். எட்வேட் ஓம் என்பார். சொல்லும்போது கண் முருங்கைக்காய்ப் பெட்டியில் இருக்கும். தேவைக்கு அதிகமாக அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு அவசரமாகக் காசாளரிடம் போவார்.