பாதையில் ஒரு சோடாப் போத்தல்

அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்கு வாவியைக் கடக்கும் பாதைப் படகில்தான் என்னோடு வந்த மாமிக்கு ஆஸ்துமா இழுப்பு வந்தது. எல்லோருமாகச் சேர்ந்து அவரைப் படுக்கவைக்கப் போனார்கள். படுத்தால் மூச்சு இன்னும் முட்டும் என்று தாதியர் பயிற்சியில் படித்திருந்தேன்.

"படுக்க வைக்காதீங்க, இருத்துங்க!" என்று கத்தினேன்.

முன்னால் குனிய உட்காரவைத்தேன். மாமியின் பையில் இன்ஹேலர் பம்ப் இருந்தது, அதை அடிக்கும் கணத்தில் மருந்தை உள்ளே இழுக்கத்தான் அவரால் முடியவில்லை. வெறும் பிளாஸ்டிக் சோடாப் போத்தலின் அடியில் பக்கத்திலிருந்த மீன்வியாபாரியின் கத்தியால் ஓட்டை போட்டுப் பம்பைச் செருகி, போத்தலின் வாயை மாமியின் வாயில் வைத்தேன்.

"மூச்சு முட்டுறவவுக்குச் சோடாவா, தங்கச்சி?" என்றார் மீன்வியாபாரி.

"மருந்துதான் அண்ணே. போத்தலுக்குள்ள நிக்கும், மாமி ஆறுதலா இழுப்பா. இழுங்க மாமி, இன்னொருக்கா! விடமாட்டன்!"

கரை நெருங்கையில் மாமி வாய் திறந்தார். "கத்தாத புள்ள. காது கேக்குதுதானே."

கரையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதுவரை பரீட்சைக்காகப் படித்தவள் நான். இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் யாரோ ஒருவருடைய மூச்சுக்காகப் படிக்கிறேன்.